ரோஜா நிறம் காட்டிய கிணறு

ஆரணியில் சாயம் போடுகிற எல்லப்பனின் மனைவி விருத்தாம்பாளுக்குத் தன் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று இருந்தது. அது ஒரு கிணறு. காதிலும் கழுத்திலும் கொஞ்சம் பொன் இருந்தது. ஒரே மகள் கமலத்தைத் தெள்ளாரில் நல்ல இடத்தில் கொடுத்திருந்தாள். பட்டறையில் அடுப்பு அணையாமல் வேலையும் இருந்தது. ஆனால் அதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் இருப்பதுதானே. தனக்கு இருந்து, ஓரகத்தி ஆதிலட்சுமிக்கு இல்லாமல் போனது எது என்று பார்த்தால், கிணறு ஒன்றுதான் தேறும்.

ஆதிலட்சுமி, எல்லப்பனின் தம்பி சடையப்பனைக் கட்டியவள். மாமியாரின் கோபதாபம் அத்தனையையும் விருத்தாம்பாள் வாங்கி ஓய்ந்த பிறகு, மாமியார் கண் மங்கி வாய் அடங்கிய காலத்தில் வந்து சேர்ந்தவள். வந்த நேரமே அவளுக்கு அப்படி. எட்டாவது வரை படித்தவள். பேப்பரைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். கூட இருப்பவர்களும் காரணம் தெரியாமலே சிரிப்பார்கள். ஆனால் வேலையில் சுத்த சோம்பேறி. காலையில் காபி குடித்த டம்ளர் சாயங்காலம் வரை ஈ மொய்த்துக் கிடக்கும். அப்படியும் அவள் வீட்டுப் பால் திரியாது. தேய்க்காத தோசைக்கல்லிலிருந்து அவளுக்கு மட்டும் தோசை முழுசாக எழுந்து வரும். கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்தவள் விருத்தாம்பாள். தோசை பிய்ந்து வந்ததும் அவளுக்குத்தான்.

எமர்ஜென்சி வந்த வருஷம் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும் என்பது அந்த வம்சத்து வழக்கம். எல்லப்பன் வீட்டை முன்கட்டு, பின்கட்டு என்று பிரித்தார். சடையப்பன் பெண்டாட்டியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தெருவைப் பார்த்த முன்கட்டை எடுத்துக்கொண்டான். இரண்டு ஜன்னல் வைத்த கூடம் அதில் போயிற்று. பின்கட்டும் சாயப் பட்டறையும் கிணறும் மூத்தவர் பக்கம் நின்றன. நடுவில் ஒரு சுவர் எழும்பியது.

அந்த ஜன்னல்களுக்காக விருத்தாம்பாள் சாப்பிடாமல் கிடந்தாள். "ரெண்டு ஜன்னல் கீது அவளுக்கு. எனக்கு இன்னா கீது, பொகையும் சாம்பலும்" என்று எல்லப்பனைப் பிய்த்தாள். ஆனால் சீக்கிரமே ஒரு விஷயம் தெரிந்தது. அந்தத் தெருவில் மற்றக் கிணறுகள் எல்லாம் ஏதோ ஒரு உப்பு. இந்தக் கிணற்றுத் தண்ணீரில் மட்டும்தான் பருப்பு வேகும். ஆகையால் குடம் எடுத்த பெண்கள் எல்லாரும் பின்கட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் தண்ணீரை மட்டுமா எடுத்துப் போவார்கள்? யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த முதலாளி நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார், எவள் புருஷனோடு பேசுவதில்லை, எல்லாம் ராட்டினத்தடியில் வந்து இறங்கும். விருத்தாம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். தீர்ப்பும் சொல்வாள். ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறவளுக்குத் தெரு தெரியும், அவ்வளவுதான். விருத்தாம்பாளிடம் தெருவே நடந்து வந்தது.

ஆதிலட்சுமியும் குடத்தோடு வந்தாள். விருத்தாம்பாள் அவளைக் கடைசியில் நிறுத்தினாள். "மூத்தவங்க மொதல்ல சேந்தட்டும்" என்பாள். பிறகு சின்னப் பெண்களையும் முன்னால் விடுவாள். ஆதிலட்சுமி கோபப்படவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே போய், புருஷனிடம் சொல்லி, தன் பக்கத்தில் ஒரு உறைக் கிணறு இறக்கிக்கொண்டாள். அதில் தண்ணீர் உப்பாக ஊறிய செய்தி வந்த அன்று விருத்தாம்பாள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். எதற்கு என்று எல்லப்பன் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், எண்பதுகளின் தொடக்கத்தில் மழை இல்லாமல் போன ஒரு வருஷம், தெருவின் கீழ்க்கோடியில் இருந்த கிணறுகளில் தண்ணீர் வழவழவென்று ஆயிற்று. வாயில் வைத்தால் சவுக்காரம் மாதிரி இருக்கிறது என்றார்கள். சாயப் பட்டறைக் கழிவுதான் இறங்குகிறது என்று நெசவுக்காரர்கள் சொன்னார்கள். கழிவு எங்கள் வீட்டுக் குழியில்தான் விழுகிறது, கிணற்றுக்கு எப்படிப் போகும் என்று சாயக்காரர்கள் கேட்டார்கள். நாலு நாள் வாய்ச்சண்டை. அப்புறம் ஒரு ரிக்ஷாவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிப்போனார்கள். தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருகிறார், கிணறு வைத்திருக்கிறவர்கள் வந்து பாட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அரிசி மில் களத்தில் எல்லார் முன்னிலையிலும் சோதனை என்று.

பாட்டில் வாங்கப் போனவர் எல்லப்பன். அதிகாரி பேர் குப்புராஜ். அவர் பாட்டிலைக் கொடுக்கும்போது என்னென்னவோ சொன்னார். எல்லப்பன் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, "தண்ணி ரொப்பி எட்த்துகினு வரணுமாம்" என்றதோடு அவர் வேலை தீர்ந்தது.

விருத்தாம்பாள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். எந்த ஊர்ப் பாட்டிலோ, யார் கை பட்டதோ. முன்கட்டிலும் இதே மாதிரி ஒரு பாட்டில் வந்திருக்கும். அவள் தண்ணீரும் என் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கப்போகிறது. நிற்கட்டும். ஊரே பார்க்கட்டும்.

அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவதற்கு என்று ஒரு முறை உண்டு. அவிக்காத பச்சைப் பட்டு நூலில் ஒரு கோந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சவுக்காரமும் சலவைச் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை அவித்தால்தான் கோந்து கழன்று பட்டு மின்னும். அதற்குப் பிறகுதான் சாயம். அதிலும் சந்தன நிறம், வெளிர் ரோஜா என்று இளநிறம் போடுவதானால், முந்தின சாயத்தின் பொட்டுக்கூட அண்டாவில் இருக்கக் கூடாது. சோடாவைக் கரைத்துத் தேய்த்து, கடைசியாக இன்னொரு சோடாத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து வைப்பார்கள். மாமியார் தலையில் குட்டிக் குட்டிக் கற்றுக்கொடுத்த பாடம் அது. விருத்தாம்பாள் அந்தப் பாட்டிலை இளநிறத்துக்கு அண்டா கழுவுகிற மாதிரிக் கழுவினாள். விரல் போகாத கழுத்துக்குள் துணியைச் சுற்றிய குச்சியை விட்டுத் தேய்த்தாள். சோடாத் தண்ணீரில் அலசி, கவிழ்த்து, காயவிட்டாள். உள்ளே லேசாக வெள்ளை படிந்திருந்தது. அதுதான் சுத்தத்தின் அடையாளம் என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் வாளித் தண்ணீரை அதில் நிரப்பினாள்.

சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஆதிலட்சுமியின் பாட்டில் உறைக் கிணற்று விளிம்பில் வந்தபடியே தூசி படிந்து நின்றது. கிளம்புகிற சமயத்தில்தான் அவள் அதைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது.

அரிசி மில் களம் சிமெண்டுக் களம். நெல்லைக் கூட்டி ஓரத்தில் குவித்துவிட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஒரு மேஜை, அதன்மேல் கண்ணாடிக் குழாய்கள், இரண்டு சின்ன மருந்து சீசாக்கள். குப்புராஜ் ஒல்லியான மனிதர். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசினார்.

"இதுக்கு முன்னாடியும் எங்க ஆபீஸ்லேர்ந்து வந்தாங்க. தண்ணி எடுத்தாங்க, போனாங்க. என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. இந்தத் தடவை அப்படி வேணாம். உங்க கண்ணு முன்னாடியே சொட்டு விடறேன். என்ன நிறம் காட்டுதுன்னு நீங்களே பாருங்க. எந்தக் கிணத்துல குடிக்கலாம், எந்தக் குழியை மாத்தணும், பொதுக் குழாய் எங்க போடணும், எல்லாம் இங்கியே பேசுவோம். பேசின முடிவைத்தான் மேல எழுதுவேன். சந்தேகம்னா யார் வேணும்னாலும் கேக்கலாம்."

குடம் தூக்கும் முனியம்மாள்தான் முதலில் கேட்டாள். அவளுக்குக் கிணறு கிடையாது, வாய் உண்டு. "அந்த மருந்த எங்க வூட்டுக்காரருக்கு ஒரு சொட்டு விட்டுப் பாக்கலாமா சார்? இன்னா நெறம் காட்றாருன்னு தெரிஞ்சா எனக்கு ஒதவும்."

களம் சிரித்தது. குப்புராஜும் சிரித்தார். பிறகு விளக்கினார். ஒரு சீசா உப்பைக் காட்டும். உப்பு இருந்தால் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கும். இன்னொன்று சோடாவின் காரத்தைக் காட்டும். காரம் இருந்தால் தண்ணீர் ரோஜா நிறமாகும்.

ஒவ்வொரு வீட்டுத் தண்ணீராக எடுத்தார். கீழ்க்கோடியில் இரண்டு கிணறுகள் ரோஜா நிறம் காட்டின. பெரிய பட்டறைக்காரர் பலராமன் வீட்டுத் தண்ணீர் தெளிவாக நின்றது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். ஆதிலட்சுமியின் தண்ணீர் உப்பு மருந்துக்கு லேசாகக் கலங்கியது. "கொஞ்சம் உப்பு. குடிக்கலாம், பரவால்ல" என்றார் குப்புராஜ். பூரிப்பில் விருத்தாம்பாள், பக்கத்தில் இருந்தவளின் தொடையைக் கிள்ளினாள்.

அடுத்தது எல்லப்பன் கிணறு. அவள் எழுந்தே நின்றாள்.

ஒரு சொட்டு விழுந்தது. குழாய்க்குள் கல்யாணப் புடவைக்குப் போடுகிற மாதிரி ஒரு ரோஜா நிறம் பூத்தது. கீழ்க்கோடிக் கிணறுகளை விட அழுத்தமான நிறம். சாயக்காரர்கள் நிறைந்த களம் அது. நிறத்தின் அழுத்தத்தை யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அய்யய்யோ, இத்தயா குடிச்சிக்கினு இருந்தோம்?" என்றாள் முனியம்மாள்.

பலராமன் எழுந்தார். "கெணத்துப் பக்கத்துலயே அடுப்பு, பக்கத்துலயே குழி. எறங்காம இன்னா பண்ணும்? மூடச் சொல்லுங்க சார்."

குப்புராஜ் உடனே மூடச் சொல்லவில்லை. பதினைந்து நாள் கழித்து இதே களத்தில் இன்னொரு கூட்டம், ஆட்சேபணை இருப்பவர்கள் அன்றைக்குச் சொல்லலாம், அதுவரை ரோஜா நிறம் காட்டிய கிணறுகளில் குடிக்க வேண்டாம் என்றார். இந்தப் பக்கத்துக்குப் பொதுக் குழாய் போடுவதானால் எங்கே போடலாம் என்று கேட்டார். யாரோ, "ஆதிலட்சுமி வூட்டு ஜன்னலாண்ட எடம் கீது" என்றார்கள்.

ஜன்னல். விருத்தாம்பாளுக்குக் காது அடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் அவள் ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டு வைத்தாள். யாரும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடங்கள் மோதுகிற சத்தம் கேட்டது. உப்புத் தண்ணீர்தான், பருப்பு வேகாத தண்ணீர்தான், ஆனாலும் கூட்டம் அங்கே. பேச்சும் அங்கே. நடுவில் ஆதிலட்சுமியின் சிரிப்பு. இடையிடையே குரல் தாழ்ந்தது. தாழ்ந்த குரல் எதைப் பற்றியது என்று சுவரோடு ஒட்டி நிற்பவளுக்குத் தெரியாதா?

எல்லப்பன் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டை ஓசையோடு வைத்தாள். "எல்லாம் அவ வேல."

"எவ வேல?"

"பாட்டில்ல சோடாவக் கொட்டிட்டா. கெணத்துக்கட்டுல ராத்திரி பூரா கெடந்திச்சி. சொவருக்கு மேல கைய வுட்டா எட்டாதா?"

"அவளுக்குத் தன் வூட்டு டம்ளர எடுக்கவே கை எட்டாது. சொவரு தாண்டி வந்து சோடா கொட்டுவாளா?" என்றார் எல்லப்பன். சொல்லிவிட்டு, சொன்னதற்காக அன்று மோர் இல்லாமல் சாப்பிட்டார்.

எல்லப்பன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எரிகிற வயிற்றுக்கு நியாயம் எதற்கு? அந்தப் பதினைந்து நாளும் விருத்தாம்பாள் வேறு எதையும் நினைக்கவில்லை. ஆதிலட்சுமி ஒரு தரம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, உங்க தண்ணி அப்பிடி இருக்காதுக்கா. மறுபடி பாக்கச் சொல்லுங்க" என்றாள். விருத்தாம்பாள் வாளியைத் தொப்பென்று கிணற்றுக்குள் போட்டாள். கிணறு பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். பரிந்து பேசுகிறாளாம், பரிந்து. ஜெயித்தவளுக்குப் பரிவு எவ்வளவு சுலபம்.

ஆட்சேபணைக் கூட்டத்துக்கு முதல் கூட்டத்தை விட ஆள் அதிகம். நெல் குவியல்களின்மேல்கூட ஏறி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று குப்புராஜ் கேட்டதும் விருத்தாம்பாள் எழுந்தாள்.

"என் கெணறு நல்ல கெணறு. என் மாமனாரு தோண்டினது. ஊரே குடிச்சிது, ஒருத்தருக்கும் வவுத்து வலி வந்ததில்ல. பாட்டில்ல ஒருத்தி சோடா கலந்துட்டா. யாருன்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்."

எல்லாத் தலைகளும் ஆதிலட்சுமி பக்கம் திரும்பின. சடையப்பன் "அண்ணி!" என்று எழுந்தான். ஆதிலட்சுமி அவன் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதை விருத்தாம்பாள் பார்த்தாள், பார்த்ததை அனுபவிக்கவும் செய்தாள்.

குப்புராஜ் கையை உயர்த்தினார். "யார் மேலயும் பழி சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுவோம்மா. பாட்டில் உங்க வீட்டுக்கு வந்ததுலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவளுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? மிடுக்காகவே சொன்னாள். "வந்துச்சி. கழுவனேன்."

"எதுல கழுவினீங்க?"

"எதுலன்னா? சில பேரு மாதிரி தூசியோட தண்ணிய முக்குவனா? எங்க மாமியாரு சொல்லிக்குடுத்த மாதிரி சோடா போட்டுத் தேச்சி, கடசியா சோடாத் தண்ணியில அலசி, தொடைக்காம கவுத்து..."

அங்கே நின்றது வாக்கியம். அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. எதிரே இருந்த சாயக்காரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்தாள். எல்லப்பன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நெல் குவியலின்மேல் ஒருத்தன் "ஹக்" என்று ஆரம்பித்தான், அவ்வளவுதான், களம் முழுக்கச் சிரிப்பு உருண்டது. பலராமன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விருத்தாம்பாளுக்குத் தரை பிளந்து தன் கிணற்றுக்குள்ளேயே போய் விழலாம் போல இருந்தது.

குப்புராஜ் சிரிக்கவில்லை. "கழுவாம எடுத்துட்டு வரணும்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார் மெதுவாக. "வேற யாராவது கழுவினீங்களா? மறைக்காமச் சொல்லுங்க. தப்பு ஒண்ணுமில்ல."

ஒரு கை எழுந்தது. சாம்பலில் தேய்த்தாளாம். இன்னொரு கை, சீயக்காய். பலராமனின் மனைவி சின்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "புளி போட்டு வெளக்கனேன் சார், பித்தள மாதிரி" என்றாள். பலராமனின் சிரிப்பு பாதியில் நின்றது. புளி பட்டால் காரம் அடங்கிப்போகும் என்பது சாயக்காரனுக்குத் தெரியாத விஷயமா? கைகள் எழுந்துகொண்டே இருந்தன. அந்தத் தெருவில் யார் வீட்டிலும் அயல் பாத்திரம் கழுவாமல் தண்ணீர் தொட்டதில்லை.

அப்போது ஆதிலட்சுமி எழுந்தாள். "அய்யா, ஒண்ணு சொல்லலாமா? நீங்க சொன்னது மீச வெச்சவங்ககிட்ட. தண்ணி சேந்தறவங்க வளையல் போட்டவங்க. மீசைக்கும் வளையலுக்கும் நடுவுல பாதி சேதி வழியிலயே வுழுந்துட்சி. எங்க அக்காவ மட்டும் சிரிச்சா எப்பிடி?"

பெண்கள் கை தட்டினார்கள். குப்புராஜ் தலையைக் குனிந்து, "என் தப்புதான். நான் உங்ககிட்டத்தான் சொல்லியிருக்கணும். மொதக் கூட்டத்துலயே எப்படி எடுத்தீங்கன்னும் கேட்டிருக்கணும். இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. நாளைக்குக் கிணத்தடிக்கே வரேன், எல்லாரும் கூட வாங்க" என்றார்.

விருத்தாம்பாளைக் காப்பாற்றினவள் ஆதிலட்சுமி. அந்த நினைப்பு சிரிப்பை விட மோசமாகக் குத்தியது. மீசையும் வளையலும்! அந்தப் பேச்சு எனக்கு ஏன் வரவில்லை? என் கிணறு, என் பாட்டில், என் அவமானம். கைதட்டல் மட்டும் அவளுக்கு. போதாக்குறைக்கு, தெருவிலேயே சரியாகத் தண்ணீர் எடுத்தவள் அவள் ஒருத்திதான் என்று வேறு ஆகிவிட்டது. சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பரிசை எந்தச் சாமி கொடுக்கும்?

மறுநாள் ஊர்வலம் மாதிரிக் கிணறு கிணறாகப் போனார்கள். பின்கட்டுக் கிணற்றில் குப்புராஜ் தானே சேந்தி, அதே தண்ணீரில் அலசிய குழாயில் ஊற்றி, சொட்டு விட்டார். தண்ணீர் அப்படியே நின்றது. இன்னொரு சொட்டு. அப்போதும் தெளிவு. முனியம்மாள் காத்திருக்கவில்லை; சோதனை முடிவதற்குள் குடத்தைக் கிணற்றுக்கட்டில் ஏற்றிவிட்டாள். "நான் அன்னிக்கே நெனச்சேன்" என்றாள். விருத்தாம்பாள் அவளைப் பார்த்த பார்வையில் குடம் கொஞ்சம் பின்வாங்கியது. கீழ்க்கோடிக் கிணறுகள் இரண்டும் மறுபடி ரோஜா நிறம் காட்டின. பலராமன் கிணறும் காட்டியது. அதற்கப்புறம் பேச்சு வேறு திசையில் போயிற்று. குழிகளுக்குச் சிமெண்டு பூச வேண்டும், கழிவு வாய்க்காலைக் கிணறுகள் இல்லாத பக்கமாகத் திருப்ப வேண்டும், பொதுக் குழாயைக் கீழ்க்கோடியில் போட வேண்டும் என்று தெருவே கூடிப் பேசி முடிவெடுத்தது. ஜன்னலுக்குக் குழாய் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது குப்புராஜ் கேட்டார். "மாசாமாசம் நாங்க வர முடியாது. மருந்தைக் கொடுத்துட்டுப் போறேன். தெருவுல ஒருத்தர் சோதிச்சு, முடிவை மில் சுவத்துல சாக்பீஸ்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதணும். எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரு?"

எல்லாரும் ஒரே குரலில், "ஆதிலட்சுமி" என்றார்கள்.

விருத்தாம்பாளுக்கு மறுபடி காது அடைத்தது. ஆனால் இந்தத் தரம் வாய் அடைக்கவில்லை. "அவ ஒருத்தியே சொட்டு வுட்டு அவளே எழுதனா எப்பிடி? அவ கெணத்த அவளே நல்லதுன்னு எழுதிக்குவா. அவ சொட்டு வுடும்போது நான் கூட நிப்பேன். கண்ணு கொட்டாம பாப்பேன்."

எல்லப்பன் மறுபடி துண்டைத் தேடினார். ஆதிலட்சுமி சிரித்தாள். "அப்போ உங்க கெணத்துக்கு நீங்க சேந்துங்கக்கா, நான் நின்னு பாக்கறேன். நீங்க சோடாவுல கழுவறீங்களான்னு."

"பாரு. யாரு வேணான்னாங்க?"

குப்புராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்" என்று சொல்லி மருந்து சீசாக்களை ஒருத்தி கையிலும், கண்ணாடிக் குழாயை இன்னொருத்தி கையிலும் கொடுத்துவிட்டு வேலூர் பஸ் ஏறினார்.

அதிலிருந்து மாதம் தவறாமல் அமாவாசைக்கு மறுநாள் இருவரும் கிணறு கிணறாகப் போனார்கள். கூடப் போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், சேர்ந்து போனார்கள் என்று சொல்ல முடியாது. ஒருத்தி சேந்தினால் மற்றவள் வாளிக்குள் எட்டிப் பார்ப்பாள். ஒருத்தி சொட்டு விட்டால் மற்றவள் சீசாவை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். "மூணு சொட்டு வுட்ட." "ரெண்டுதான்க்கா." "மூணு. நான் பாத்தேன். கொட்டிட்டு மறுபடி வுடு." மில் சுவரில் ஆதிலட்சுமி எழுதியதை, எழுத்துத் தெரியாத விருத்தாம்பாள் முனியம்மாளின் மருமகளை அழைத்துவந்து வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பாள். அந்தத் தெருவில் தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்ல ஆளில்லாமல் போனது இவர்களுடைய நேர்மையால் மட்டும் இல்லை. ஒருத்தி எப்போது பொய் சொல்வாள், பிடிக்கலாம் என்று மற்றவள் காத்திருந்ததால்தான். பலராமன் கிணறு நிறம் மாறித் தெளிந்த மாதம் அவரே இருவரையும் அழைத்து மோர் கொடுத்தார். யார் டம்ளரில் மோர் அதிகம் என்று விருத்தாம்பாள் பார்த்துக்கொண்டாள்.

வருஷங்கள் ஓடின. ஆதிலட்சுமியின் மகள் கண்ணகியை ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் சேத்துப்பட்டில் கொடுத்தார்கள். மகள் பிள்ளை பெற்ற வீட்டில் கைக்கு ஆள் இல்லை என்று, எண்பத்தெட்டிலோ ஒன்பதிலோ, ஆதிலட்சுமி அங்கே போய்த் தங்கிவிட்டாள். அமாவாசை வந்தது. மறுநாளும் வந்தது. விருத்தாம்பாள் மற்றக் கிணறுகளை முனியம்மாளை வைத்துக்கொண்டு சோதித்துவிட்டாள். தன் கிணற்றை மட்டும் சோதிக்கவில்லை.

"நாந்தான் நிக்கறனேக்கா" என்றாள் முனியம்மாள்.

"நீ பாத்தா போதுமா? அவ வந்து, 'நான் இல்லாதப்ப அக்கா இன்னாவோ கலந்துட்டாங்க'ன்னு சொல்ல மாட்டாளா?"

"அவுங்க அப்பிடிச் சொல்ற ஆளா?"

"நான் சொன்னனே!" என்றாள் விருத்தாம்பாள்.

பாட்டிலைக் கழுவாமல் எடுத்துத் தன் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஈரத்துணி சுற்றி, சீசாக்களையும் குழாயையும் பையில் வைத்துக்கொண்டு சேத்துப்பட்டு பஸ் ஏறினாள். "பாட்டில்ல இன்னாம்மா, சரக்கா?" என்றான் கண்டக்டர். "உங்கப்பனுக்குத் தீர்த்தம், போடா" என்றாள்.

ஆதிலட்சுமி குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொழுகொழு கன்னத்தோடு ஆண் குழந்தை. தன் மகள் கமலத்துக்கு இரண்டும் பெண். விருத்தாம்பாள் அந்தக் கணக்கையும் பார்த்துக்கொண்டாள். உட்காரக்கூட இல்லை, பாட்டிலை எடுத்தாள்.

"இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?" ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் நம்ப மாட்டனாக்கா?"

"நீ நம்பினா எனக்கு இன்னா, நம்பாட்டி எனக்கு இன்னா. கண்ணால பாரு."

சொட்டு விட்டாள். ஆதிலட்சுமி எண்ணெய்க் கையோடு குனிந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக நின்றது. "சரிக்கா. வந்ததும் சொவத்துல எழுதறேன்" என்றாள். விருத்தாம்பாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கண்ணகி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விருத்தாம்பாள் ஒரு வாய் குடித்தாள். அப்படியே நிறுத்தினாள். மீதியைக் குழாயில் ஊற்றி ரோஜா மருந்தை விட்டாள், நிறம் வரவில்லை. உப்பு மருந்தை விட்டாள், துளி கலங்கவில்லை. குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தக் கெணத்துத் தண்ணி இது?"

"நம்ம வூட்டுக் கெணறுதான் பெரியம்மா. தோ, கொல்லயில கீது" என்றாள் கண்ணகி. "இந்தத் தெருவே இங்கதான் வந்து எடுக்கும்."

விருத்தாம்பாள் குழாயில் இருந்ததைக் கீழே கொட்டினாள். பையிலிருந்து பாட்டிலை மறுபடி எடுத்து, அதில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றிவிட்டு, ஆதிலட்சுமியிடம் நீட்டினாள்.

"எழுந்து வந்து சேந்து. நான் நின்னு பாக்கறேன்."